ஹைபிரிட் கார் வாங்கலாமா? ஷோரூம் சொல்லும் மைலேஜும் உங்கள் சாலை தரும் மைலேஜும்

கடிதத்தின் சாரம்

ஐந்து பேர் கொண்ட குடும்பத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். கணவர், பள்ளி செல்லும் இரண்டு பிள்ளைகள், மடக்கு சக்கர நாற்காலியின் துணையோடு வெளியே வரும் மாமனார் ஆகியோருடன் வசிக்கும் இவர், ஒன்பது ஆண்டுகளாக ஓட்டிவரும் பெட்ரோல் காரை மாற்ற முடிவு செய்திருக்கிறார். பழைய கார் லிட்டருக்கு 12 கி.மீ. தருகிறது. மாதத்துக்கு ஏறத்தாழ 1,200 கி.மீ. ஓட்டம், அதில் முக்கால் பங்கு சிக்னலும் நெரிசலும் நிறைந்த ஊர்ச் சாலைகளில், மீதி நெடுஞ்சாலையில், ஆண்டுக்கு ஓரிரு முறை மலைப்பாதையில். ஒரு ஷோரூமில் ஹைபிரிட் கார் லிட்டருக்கு 28 கி.மீ. தரும் என்றார்கள். இன்னொரு ஷோரூமில் அதைவிடக் குறைந்த விலையில் ‘மைல்டு ஹைபிரிட்’ இருக்கிறது, அதுவும் ஹைபிரிட்தான் என்றார்கள். கணவருக்கு வீட்டிலேயே சார்ஜ் செய்துகொள்ளும் பிளக்-இன் வகையில் விருப்பம்; ஆனால் அவர்கள் இருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பில் கார் நிற்கும் இடத்தில் மின் இணைப்பு இல்லை. ஐந்து ஆண்டில் பேட்டரி போய்விடும், மிச்சம் பிடித்ததெல்லாம் அதற்கே சரியாகிவிடும் என்று தம்பி எச்சரிக்கிறார். இறக்கத்தில் நியூட்ரலில் விட்டால் பெட்ரோல் மிச்சமாகும், ஹைபிரிட்டிலும் அப்படியே ஓட்டலாம் என்பது மாமனாரின் கருத்து. யார் சொல்வதைக் கேட்பது என்பதே வாசகியின் கேள்வி.

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதத்தில் முடிவைத் தீர்மானிக்கப்போகும் தகவல் 28 என்ற எண் அல்ல; முக்கால் பங்கு ஓட்டம் ஊருக்குள் என்று போகிற போக்கில் நீங்கள் எழுதியிருக்கும் வரிதான். பெட்ரோல் எஞ்சினோடு மின்மோட்டாரும் பேட்டரியும் சேர்ந்த ஹைபிரிட் கார், பெட்ரோலிலிருந்து புதிதாக ஆற்றலை உண்டாக்கித் தருவதில்லை. சாதாரணக் கார் வீணடிக்கும் ஆற்றலில் ஒரு பகுதியை அது மீட்டுத் தருகிறது, அவ்வளவுதான். ஆகவே வீணாவது எங்கே அதிகமோ அங்கேதான் மிச்சமும் அதிகம். வீணாவதே குறைவாக இருக்கும் சாலையில், எவ்வளவு உயர்ந்த ஹைபிரிட்டும் பெரிதாக எதையும் சாதித்துவிட முடியாது.

ஒரு கணக்கைப் பாருங்கள். ஐந்து பேரோடு சேர்த்து 1,600 கிலோ எடையுள்ள கார் 60 கி.மீ. வேகத்தில் போகும்போது அதனிடம் இருக்கும் இயக்க ஆற்றல் சுமார் 220 கிலோஜூல். சிக்னலில் பிரேக் போட்டு நின்றால் அதன் பெரும்பகுதி பிரேக்கில் வெப்பமாகிக் காற்றோடு போய்விடுகிறது. ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறத்தாழ 32,000 கிலோஜூல் ஆற்றல் இருந்தாலும், ஊர் ஓட்டத்தில் சாதாரண எஞ்சின் அதில் கால் பங்கைச் சக்கரத்துக்குக் கொண்டுசேர்த்தாலே பெரிது. அப்படியென்றால் ஒவ்வொரு முறை 60 கி.மீ. வேகம் பிடித்து நிற்பதற்கும் 25 மில்லிக்குச் சற்று அதிகமான பெட்ரோல் செலவாகிறது. நாற்பது முறைக்குள் ஒரு லிட்டர் முடிந்துவிடும். இதோடு, ஏ.சி. போட்டபடி நின்றுகொண்டே எஞ்சின் ஓடும் நேரத்துக்கு மணிக்கு ஏறத்தாழ ஒரு லிட்டர் சேர்த்துக்கொள்ளுங்கள். மோட்டாரால் மட்டுமே சிறிது தூரம் ஓடக்கூடிய முழு ஹைபிரிட் காரில் பிரேக்கை மெதுவாக மிதிக்கும்போது மின்மோட்டாரே ஜெனரேட்டராக மாறி அந்த ஆற்றலில் கணிசமான பங்கைப் பேட்டரியில் சேர்க்கிறது. நிற்கும்போது எஞ்சின் அணைந்துவிடுகிறது. நகரத் தொடங்கும்போது மோட்டார் வண்டியை இழுக்கிறது. எஞ்சினும் சும்மா இருப்பதில்லை. இழுவிசையில் குறையும் இடத்தை மோட்டார் நிரப்பிவிடுவதால், சிக்கனத்துக்காகவே வடிவமைத்த அட்கின்சன் சுழற்சி எஞ்சினை இத்தகைய கார்களில் பயன்படுத்த முடிகிறது. இவற்றில் சில, உகந்த நிலையில், எரிபொருள் ஆற்றலில் 40 விழுக்காட்டை எட்டிப் பயன்படுத்துகின்றன.

நெடுஞ்சாலையில் கதை வேறு. அங்கே பிரேக்கும் இல்லை, காத்திருப்பும் இல்லை; காற்றின் எதிர்ப்பே பெரிய செலவு, அது வேகத்தின் வர்க்கத்துக்கேற்பக் கூடுகிறது. 80 கி.மீ. வேகத்திலிருந்து 110 கி.மீ. வேகத்துக்குப் போனால் காற்று எதிர்க்கும் விசை ஏறத்தாழ இரு மடங்காகிவிடும். பேட்டரி அதைத் தடுக்க முடியாது. அதனால்தான் ஹைபிரிட் உரிமையாளர்கள் பலர், ஊருக்குள் நல்ல மைலேஜ் தந்த கார் நெடுஞ்சாலையில் ஏமாற்றிவிட்டதாகச் சொல்கிறார்கள். கார் மேல் பிழையில்லை. வழக்கமான பெட்ரோல் காருக்கு நெடுஞ்சாலையில்தான் மைலேஜ் கூடும் என்று பழகிய மனம் அதையே எதிர்பார்க்கிறது.

ஷோரூம் சொன்ன 28

அந்த எண் பொய் என்று நான் சொல்லமாட்டேன். அது சோதனைக்கூடத்தில் உருளைகள்மீது காரை ஓட்டி, வகுக்கப்பட்ட ஒரே முறையில் எடுத்த அளவு. இரண்டு கார்களை ஒப்பிட அது நல்ல கருவி. உங்கள் பெட்ரோல் செலவைக் கணிக்க அது உதவாது. ஐரோப்பாவில் 2017இல் நடைமுறைக்கு வந்த, பழையதைவிடக் கடுமையான டபிள்யூ.எல்.டி.பி. சோதனையையே எடுத்துக்கொள்வோம். 30 நிமிடம், சுமார் 23 கி.மீ. தூரம், 23 டிகிரி வெப்பநிலை, ஏ.சி. அணைத்த நிலை. உங்கள் காரில் ஏ.சி. அணைந்திருக்கும் நாள்கள் எத்தனை என்று யோசித்துப் பாருங்கள். கார்களில் பொருத்தப்பட்ட எரிபொருள் அளவிகளின் தரவைத் தொகுத்து ஐரோப்பிய ஆணையம் 2024 மார்ச்சில் வெளியிட்ட அறிக்கையில், பெட்ரோல், டீசல் கார்களின் உண்மைச் செலவு சோதனை அளவைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் என்று தெரியவந்தது. ஆகையால் 28 என்றால் 20 என்று வைத்துக் கணக்கிடுங்கள். அதற்கு மேல் வந்தால் அது உங்களுக்கு வரவு.

மூன்றும் ‘ஹைபிரிட்’தான், ஆனால் ஒன்றல்ல

மைல்டு ஹைபிரிட்டில் இருப்பது பெரும்பாலும் பெல்ட் வழியாக எஞ்சினோடு இணைந்த ஒரு சிறு மோட்டார். அது எஞ்சினை நொடியில் மறுபடி கிளப்பும், வேகம் எடுக்கும்போது கொஞ்சம் தோள் கொடுக்கும், பிரேக் போடும்போது சிறிது மின்சாரம் சேர்க்கும். பொதுவாக மோட்டாரால் மட்டும் வண்டி ஓடாது. இதிலும் ஒரு சிறு விவரத்தைக் கவனியுங்கள்: இத்தகைய கார்கள் பலவற்றில் ஏ.சி. கம்ப்ரசர் எஞ்சின் பெல்ட்டில்தான் ஓடுகிறது. சிக்னலில் எஞ்சின் நின்றால் குளிர்ச்சியும் நின்றுவிடும். உள்ளே சூடேறியதும் எஞ்சின் தானே கிளம்பிவிடும். வெயிலில், முதியவர் ஒருவரோடு, நெரிசலில் போகும் குடும்பத்துக்கு அந்த மிச்சம் தாளில் இருக்கும் அளவுக்குக் கையில் வராது. முழு ஹைபிரிட்டில் கம்ப்ரசர் மின்சாரத்தில் ஓடுவதால் எஞ்சின் அணைந்த பிறகும் குளிர்ச்சி தொடரும். மைல்டு ஹைபிரிட் மோசமான கார் அல்ல. அதைச் சற்று மேம்பட்ட பெட்ரோல் காராக மதித்து விலை பேசுங்கள். முழு ஹைபிரிட்டின் மலிவுப் பதிப்பு என்று எண்ணி வாங்காதீர்கள்.

பிளக்-இன் விஷயத்தில் உங்கள் கணவருடைய ஆசையில் தவறில்லை, இடம்தான் ஒத்துவரவில்லை. இரவுதோறும் சார்ஜ் செய்ய முடிந்தால், உங்கள் அன்றாட ஊர் ஓட்டத்தின் பெரும்பகுதி பெட்ரோலைத் தொடாமலே முடிந்துவிடும். சார்ஜ் செய்யாவிட்டால், பெரிய பேட்டரியின் எடையை ஐந்து பேரோடு சேர்த்துச் சுமந்தபடி பெட்ரோலில் ஓடும் காராக அது ஆகிவிடும். நான் மேலே சொன்ன அதே அறிக்கையில், பிளக்-இன் கார்களின் உண்மையான கார்பன் உமிழ்வு சோதனை அளவைவிடச் சராசரியாக 3.5 மடங்கு இருந்தது. முக்கியக் காரணம், எதிர்பார்த்த அளவுக்கு அவற்றை யாரும் சார்ஜ் செய்யவில்லை என்பதே. குடியிருப்புச் சங்கத்திடம் கார் நிறுத்துமிடத்துக்குத் தனி மின் இணைப்பும் அளவியும் கேட்டு எழுத்துமூலம் ஒப்புதல் பெற முடிந்தால் இந்தப் பேச்சை மறுபடி தொடங்கலாம். “அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்” என்ற வாய்வார்த்தையை நம்பி வாங்க வேண்டாம்.

மிச்சத்தைக் கி.மீ.யில் எண்ணாதீர்கள், லிட்டரில் எண்ணுங்கள்

இங்கேதான் பலரும் வழி தவறுகிறார்கள். உங்கள் ஆண்டு ஓட்டம் 14,400 கி.மீ. பழைய காரில் இதற்கு 1,200 லிட்டர் பிடிக்கும். லிட்டருக்கு 20 கி.மீ. தரும் ஹைபிரிட்டில் 720 லிட்டர். ஆண்டுக்கு 480 லிட்டர் மிச்சம் என்று ஷோரூமில் உற்சாகமாகச் சொல்வார்கள். ஆனால் பழைய காரை நீங்கள் எப்படியும் மாற்றப்போகிறீர்கள். ஒப்பிட வேண்டியது அதே காரின் சாதாரணப் பெட்ரோல் வகையோடு. அது உண்மையில் 15 கி.மீ. தரும் என்று வைத்தால் 960 லிட்டர் ஆகும். ஆக, ஹைபிரிட்டுக்காக நீங்கள் கூடுதலாகக் கொடுக்கும் பணம் ஈட்டித் தருவது ஆண்டுக்கு 240 லிட்டர் மட்டுமே.

இனி முடிவெடுப்பது எளிது. இரண்டு வகைக்கும் உள்ள விலை வித்தியாசத்தை, வரி, காப்பீடு, கடன் வட்டி எல்லாம் சேர்த்து, ஒரு லிட்டர் பெட்ரோலின் விலையால் வகுத்துப் பாருங்கள். கிடைப்பது அந்த வித்தியாசம் எத்தனை லிட்டருக்குச் சமம் என்பது. நீங்கள் காரை எட்டு ஆண்டு வைத்திருப்பீர்கள் என்றால் 1,920 லிட்டர் மிச்சமாகும். வித்தியாசம் இதைவிடக் குறைவாக இருந்தால் பெட்ரோல் மிச்சத்திலேயே அது ஈடாகிவிடும். அதைவிட வெகுவாக அதிகமென்றால், அமைதியான ஓட்டத்துக்கும் கிளட்ச் மிதிக்காத சுகத்துக்கும் பணம் கொடுக்கிறோம் என்று தெரிந்தே கொடுங்கள். அதுவும் நியாயமான காரணம்தான், ஆனால் அதைச் சிக்கனம் என்று சொல்லிக்கொள்ள வேண்டாம்.

இன்னொன்று. லிட்டருக்கு 12 கி.மீ.யிலிருந்து 16க்குப் போனால் உங்கள் ஓட்டத்துக்கு ஆண்டுக்கு 300 லிட்டர் மிச்சமாகும். 24இலிருந்து 28க்குப் போனால் ஏறத்தாழ 86 லிட்டர்தான். இரண்டிலும் வித்தியாசம் அதே நான்கு கி.மீ. எனவே, இரண்டு ஹைபிரிட் கார்களுக்குள் ஒன்று 24, மற்றொன்று 26 என்று போட்டியிட்டால், அந்த இரண்டு கி.மீ.க்காக இருக்கையையோ பாதுகாப்பு வசதிகளையோ விட்டுக்கொடுக்காதீர்கள்.

தம்பியின் பேட்டரி பயம்

பயம் புரிகிறது, ஆனால் அது கைப்பேசிப் பேட்டரியைப் பார்த்து வந்த பயம். உலகின் முதல் பெருந்தொகை உற்பத்தி ஹைபிரிட் காரான டொயோட்டா பிரியஸ் 1997 டிசம்பரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. இந்தத் தொழில்நுட்பத்துக்கு இன்று கால் நூற்றாண்டுக்கு மேல் வயது. முழு ஹைபிரிட்டின் பேட்டரி பெரும்பாலும் ஒன்று அல்லது ஒன்றரை கிலோவாட்-மணி அளவே உள்ள சிறிய பேட்டரி. அதை முழுதாக நிரப்பவோ முழுதாக வற்றவிடவோ கட்டுப்பாட்டுக் கணினி விடாது. நடுவே உள்ள ஒரு பகுதியை மட்டும் பயன்படுத்தும். நீடித்து உழைப்பதற்கு அதுவே காரணம். வெளியிலிருந்து இதைச் சார்ஜ் செய்ய வேண்டிய வேலையும் இல்லை.

அதற்காகக் கவலையே வேண்டாம் என்பதல்ல. இந்தப் பேட்டரிக்கு எதிரி வெப்பம். பல கார்களில் பின் இருக்கையின் அடியிலோ பக்கவாட்டிலோ ஒரு காற்றுத் துவாரம் இருக்கும். பேட்டரியைக் குளிர்விக்கும் காற்று அதன் வழியேதான் போகிறது. பள்ளிப் பை, போர்வை, பிஸ்கட் துகள் எல்லாம் வந்து சேரும் இடமும் அதுதான். அங்கே உள்ள வடிகட்டியில் தூசி அடைத்துப் பேட்டரி சூடேறுவது, கவனித்தால் தவிர்க்கக்கூடிய கோளாறு. சர்வீஸுக்கு விடும்போது வடிகட்டியைச் சுத்தம் செய்யும்படி வேலைச் சீட்டில் எழுதச் சொல்லுங்கள்.

உத்தரவாதத்தைப் பொறுத்தவரை, ஹைபிரிட் பேட்டரிக்கு 8 ஆண்டு அல்லது 1,60,000 கி.மீ. தருவது பரவலான வழக்கம். விற்பனையாளர் சொல்வதோடு நிறுத்தாமல் உத்தரவாதக் கையேட்டையே கேட்டு வாங்கிப் படியுங்கள். பேட்டரிக்குத் தனிக் காலமா, காரின் பொது உத்தரவாதக் காலமா? எந்த அளவு திறன் குறைந்தால் மாற்றித் தருவார்கள்? காரை விற்றால் அடுத்தவருக்கு உத்தரவாதம் தொடருமா? வெளியில் கூடுதல் விளக்கோ ஒலிபெருக்கியோ பொருத்தினால் அது ரத்தாகுமா? இந்த நான்குக்கும் எழுத்தில் பதில் இல்லையென்றால் முன்பணம் கட்ட அவசரப்பட வேண்டாம். 28 கி.மீ. என்ற உறுதிமொழியும் அப்படித்தான்; வாயால் சொன்னதை எழுதித் தரச் சொன்னால் “சோதனை நிலையில்” என்ற அடைமொழி தானாக வந்து ஒட்டிக்கொள்வதைப் பார்ப்பீர்கள்.

தம்பியிடம் இதையும் சொல்லுங்கள்: திடீரென்று உங்களைத் தெருவில் நிறுத்த வாய்ப்புள்ளது பெரிய பேட்டரியைவிட, ஹைபிரிட்டிலும் இருக்கும் சாதாரண 12 வோல்ட் பேட்டரிதான். கணினிகளை எழுப்புவது அது. வாரக்கணக்கில் கார் ஓடாமல் நின்று அது வற்றிவிட்டால், பெரிய பேட்டரி நிறைந்திருந்தாலும் கார் கிளம்பாது.

டெஸ்ட் டிரைவுக்குப் போகும்போது

ஷோரூம் தேர்ந்தெடுக்கும் காலியான சாலையில் ஓட்டிப் பயனில்லை. பிள்ளைகளைப் பள்ளியில் விடும் நேரத்தில், அந்தப் பாதையிலேயே, ஏ.சி. போட்டு, வீட்டார் அனைவரும் ஏறி ஓட்டிப் பாருங்கள். கணினிப் பலகையில் அளவியைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்துவிட்டுத் தொடங்குங்கள். எஞ்சின் குளிர்ந்திருக்கும் முதல் சில கி.மீ.யில் எண் குறைவாகவே இருக்கும். உமிழ்வைக் கட்டுப்படுத்தும் வினையூக்கியைச் சூடாக்க எஞ்சின் ஓடித்தான் ஆக வேண்டும். உங்கள் பள்ளிப் பயணம் இரண்டு மூன்று கி.மீ. மட்டுமே என்றால் அந்தக் குறைந்த எண்ணே உங்களுக்கு உரியது. மோட்டாரும் எஞ்சினும் சக்கரத்தின் வேலையைப் பகிர்ந்துகொள்ளும் பற்சக்கர அமைப்புள்ள கார்களில், ஆக்சிலரேட்டரை அழுத்தினால் முதலில் எஞ்சின் இரைச்சலிடும், வேகம் பின்னால் வந்து சேரும். சிலருக்கு இது பழகவே பழகாது. வாங்குமுன் தெரிந்துகொள்வது நல்லது.

சக்கர நாற்காலியை மறக்காமல் எடுத்துப் போங்கள். சில கார்களில் பேட்டரி பின் இருக்கையின் அடியில் இருக்கும், சிலவற்றில் டிக்கியின் தரையை உயர்த்திவிடும். ஸ்டெப்னிக்குப் பதிலாகப் பஞ்சர் ஒட்டும் பெட்டி மட்டும் தரும் கார்களும் உண்டு. விளம்பரத் தாளில் உள்ள டிக்கி அளவைப் படித்து எதுவும் தெரியாது. நாற்காலியை மடக்கி வைத்து, அதன்மேல் ஊருக்குப் போகும் பெட்டி ஒன்றையும் வைத்து, கதவு மூடுகிறதா என்று பாருங்கள். இடமில்லையென்று கூரைமேல் பெட்டி பூட்ட நேர்ந்தால், நெடுஞ்சாலை வேகத்தில் அது மைலேஜில் பத்து விழுக்காட்டுக்கும் மேல் தின்றுவிடக்கூடும். ஹைபிரிட்டுக்குக் கொடுத்த பணத்தின் பலனில் ஒரு பங்கு காற்றில் போய்விடும்.

இவை எல்லாம் பார்த்த பிறகு என் கருத்தைக் கேட்டால், உங்கள் ஓட்டத்துக்கு முழு ஹைபிரிட்டே பொருத்தம், விலை வித்தியாசம் மேலே சொன்ன லிட்டர் கணக்குக்குள் அடங்கினால். அடங்காவிட்டால் சாதாரணப் பெட்ரோல் வகையை வாங்குவதில் ஒரு குறையும் இல்லை.

மாமனாருக்கு

அவர் ஓட்டிப் பழகிய கார்பரேட்டர் காலத்தில் நியூட்ரல் பழக்கத்துக்கு ஒரு காரணம் இருந்தது. பாதுகாப்புக்கு அது அப்போதும் உகந்ததல்ல. எரிபொருளை ஊசிமுனையால் பீய்ச்சும் இன்றைய எஞ்சின்களில், கியரில் இருந்தபடி ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் இறக்கத்தில் பெட்ரோல் முழுதாக நின்றுவிடும். நியூட்ரலில் விட்டால்தான் எஞ்சின் அணையாமல் இருக்கக் கொஞ்சம் செலவாகும். ஹைபிரிட்டில் நட்டம் இன்னும் கூடுதல்: நியூட்ரலில் மோட்டார் மின்சாரம் சேர்க்காது, பேட்டரி நிரம்பாது. நெரிசலில் நெடுநேரம் நிற்கும்போதும் இதே காரணத்துக்காக ‘டி’ (D) நிலையிலேயே இருந்து பிரேக்கைப் பிடித்திருங்கள்.

மலைப்பாதையில் இறங்கும்போது ஒன்றை எதிர்பாருங்கள். 1,600 கிலோ எடையோடு 300 மீட்டர் உயரம் இறங்கினால் விடுபடும் ஆற்றல் ஏறத்தாழ 1.3 கிலோவாட்-மணி, அந்தச் சிறிய பேட்டரி முழுவதற்கும் சமம். ஆகவே பாதி வழியிலேயே அது நிரம்பி, மின் பிரேக்கிங் நின்றுவிடும். சுமை முழுதும் சாதாரண பிரேக்கின்மேல் விழும். பல ஹைபிரிட் கார்களில் கியர்க் கோலில் உள்ள ‘பி’ (B; காரை நிறுத்திவைக்கும் P அல்ல) நிலை இதற்காகவே. அதைப் போட்டதும், எரிபொருள் இல்லாமலே எஞ்சினைச் சுழலவிட்டுக் கார் தன் வேகத்தை அடக்கிக்கொள்ளும். அப்போது எஞ்சின் பெரிதாக உறுமும். ஏதோ கோளாறு என்று பதறி மறுபடி நியூட்ரலுக்கு மாற்றிவிட வேண்டாம் என்று மாமனாரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். சமதளத்துக்கு வந்ததும் ‘டி’க்கு மாற்றிக்கொள்ளலாம்.